படம் வந்ததும் அணைந்துபோகிறது

திரும்பவும் அணைந்துபோனது. ஐயாத்துரையின் நெற்றியும் ஒரு பக்கத்து மீசையும் வந்து, கண் வருவதற்குள் திரை கறுத்து, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி மூச்சை விட்டு நின்று, கொஞ்சம் சும்மா கிடந்துவிட்டு, தானாகவே டிக்கென்று முதலிலிருந்து ஆரம்பித்தது கம்ப்யூட்டர். "போச்சா?" என்று வாசல் பந்தலுக்குள் இருந்து சொள்ளமுத்து மாமா கேட்டார். "போச்சு மாமா," என்றான் பீர் முகமது. அம்மாவின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு முப்பிடாதியை உட்காரவைத்திருந்தார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் அவளுடைய வலது கை இருந்தது. காலையில் வைத்த கை. குளிர்ந்து, விறைத்து, மரத்துப்போய் வெகுநேரமாகிவிட்டது. யாரோ தன் கையைக் கழற்றி அங்கே மறந்து வைத்துவிட்டுப் போனமாதிரி இருந்தது. எடுத்துவிடலாம். எடுக்கணும் என்று தோன்றவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா சீனியம்மாள், நெற்றி நிறையத் திருநீறும் அதன்மேல் ஒரு நாணயமுமாக, நாடியைச் சுற்றித் துணி கட்டிக் கிடந்தாள். நேற்றுச் சாயங்காலம் போன உயிர். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் பிறப்பதற்குள் எடுத்துவிடவேண்டும். தம்பி ஐயாத்துரை சவுதியில், தம்மாமில் வெல்டர் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். ராத்திரி முழுக்கக் கெஞ்சிப் பார்த்தான், லீவு கிடைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அங்கே ஒரு நெட் சென்டரில் போய் உட்கார்ந்திருக்கிறான். தூக்குவதற்குள் அம்மா முகத்தை ஒருதரம் பார்த்துவிடவேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. முகம் தெரிகிற போனெல்லாம் அந்தத் தெருவுக்கு அப்போது வரவில்லை. புளியங்குடியில் இவள் வீட்டில் இந்தக் கம்ப்யூட்டர்தான் உண்டு. அது சும்மா இருந்தால் நல்லபிள்ளையாக இருக்கிறது. நெட்டில் ஏறி, அவன் படம் வர ஆரம்பித்ததும் அணைந்துபோகிறது.

பீர் முகமது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி வைத்திருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறவன், ஐயாத்துரையோடு ஒரே பெஞ்சில் படித்தவன், சொல்லியனுப்பாமலே காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். உள்ளேயிருந்து பச்சைத் தகடு ஒன்றை உருவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பரால் அதன் பல்லைத் தேய்த்தான். தேய்த்த துகளை ஊதினான். திரும்பச் செருகினான். "இதான் ராமு. அழுக்குப் பிடிச்சா இப்படித்தான் மக்கர் பண்ணும் யக்கா," என்றான். பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த மாமா மகள் வெள்ளத்தாய் மதினி, "அழுக்கெல்லாம் இருக்காதுய்யா. அவ அத்தைக்காரிய விட அதைத்தான நல்லா துடைச்சு வச்சிருந்தா," என்றாள். யாரோ களுக்கென்று சிரித்துச் சிரிப்பை அடக்கினார்கள். அத்தைக்காரி என்று ஏன் சொன்னாள் மதினி, எனக்கு அம்மால்லா என்று முப்பிடாதிக்கு ஓடியது, பிறகு, மதினிக்குத்தான் அத்தை, அவள் முறைக்குச் சொல்கிறாள் என்று ஓடியது, பிறகு அதுவும் ஓடவில்லை. துடைத்ததென்னவோ நிஜம். பழைய பாவாடைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். ஐயாத்துரை சவுதிக்குப் போன இரண்டாம் வருஷம் லீவில் வந்திருந்தபோது வாங்கிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, இதற்கு முன்னால் உட்காரவைக்கணும். அம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அவன் குரல் வந்ததும் என்ன சொல்லுதான் என்ன சொல்லுதான் என்று வலது காதைக் கொண்டுபோய் கேமராவில் ஒட்டிக்கொள்வாள். முகத்தைக் காட்டும்மா, இங்கிட்டுத் திரும்பு என்று அவன் கத்துவான், அது கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் காதை நீட்டுவாள். ரெண்டு வருஷமாக அவன் பார்த்தது பாம்படம் போட்டு அறுந்த அந்தக் காதைத்தான். இவள் பின்னால் நின்று அம்மாவின் தலையைப் பிடித்துத் திருப்புவாள், வெடுக்கென்று தட்டிவிடுவாள் கிழவி. "பேசவிட மாட்டியாட்டி எம்பிள்ளட்ட."

எம்பிள்ள. அந்தச் சொல் வந்து ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அம்மா அவனிடம் வெள்ளிக்கிழமை சொல்வதெல்லாம் நல்ல வார்த்தைதான். எனக்கென்ன ராசா, வேளாவேளைக்குச் சோறு, காலாட்டிக்கிட்டு இருக்கேன். அவன் படம் மறைந்ததும், ஏட்டி, இடுப்பு போச்சுட்டி, என்னைத் தூக்கிப் படுக்கப்போடுட்டி. படுக்கப்போட்டு, புரட்டிப்போட்டு, முதுகுக்குப் பவுடர் போட்டு, ராத்திரி கூப்பிட்டால் எழுந்து, கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று எழுந்து. அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமை. மிச்சமெல்லாம் இவளுக்கு. அதை அவள் குறையாக நினைத்ததில்லை. நினைத்ததில்லை என்றுதான் நினைத்திருந்தாள். காலையிலிருந்து வருகிற ஒவ்வொருத்தியும் மாரில் அடித்துக்கொண்டு, மகன் முகத்தைப் பாக்காமப் போறியே, நீ பெத்த மகன் பக்கத்துல இல்லாமப் போறியே என்றுதான் ஒப்பாரி வைத்தாள். பக்கத்தில் இருந்த ஆளைப் பற்றி ஒப்பாரியில் ஒரு வரி கிடையாது. கிடையாதுதான். இருக்கிறவர்களுக்கு எதற்கு ஒப்பாரி. சரிதான். கட்டிப்பிடிக்க வந்தவர்கள் கட்டிப்பிடித்தார்கள், இவள் முதுகில் கண்ணீர் விட்டார்கள், ஈரம் ரவிக்கைக்குள் இறங்கியது, இவளுக்கு ஒன்றும் வரவில்லை. கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கா பாரேன் என்று ஒருத்தி மதினியிடம் சொன்னதும் காதில் விழுந்தது. அந்தக் கல் யார் என்று திரும்பிப் பார்க்கலாம் போலிருந்தது.

அப்போது ஐஸ் பெட்டி ஓட ஆரம்பித்தது. கால்மாட்டுப் பக்கம் உள்ளே ஒரு முனகல், ஒரு குலுங்கல், பிறகு குர்ரென்று ஒரே சீரான சத்தம். கைக்குக் கீழே கண்ணாடி லேசாக அதிர்ந்தது, அந்த அதிர்வு மரத்த கைக்குத் தெரியவில்லை, முழங்கையில்தான் தெரிந்தது. சுவரில் டியூப்லைட் ஒரு கண்சிமிட்டில் மங்கி, பிறகு நிமிர்ந்தது. இதை அவள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வேறு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. பெட்டி கொஞ்சநேரம் ஓடும், போதுமென்று நிற்கும், நின்று இளைப்பாறும், திரும்ப ஓடும். அம்மாவின் மூச்சு கடைசி மூன்று நாளும் இப்படித்தான் இருந்தது, ஓடி, நின்று, இனி அவ்வளவுதானோ என்று இவள் குனியும்போது திரும்ப ஓடி. அதனாலோ என்னவோ பெட்டி நிற்கும்போதெல்லாம் இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இப்பப் பாரு, வரும்," என்று பீர் எழுந்து மவுஸைப் பிடித்தான். கம்ப்யூட்டர் நல்லபிள்ளையாக விழித்திருந்தது. மோடத்தில் பச்சை விளக்கெல்லாம் வரிசையாக எரிந்தது. நெட்டில் ஏறிவிட்டது. மணி அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது, அந்தப்பக்கம் ஐயாத்துரை எடுத்துவிட்டான், சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் வந்தது, சதுரத்துக்குள் கலங்கலாக ஏதோ அசைந்தது. ஓடிக்கொண்டிருந்த பெட்டி சட்டென்று நின்றது. இளைப்பாறியது. நெற்றி வந்தது. மீசை வந்தது. முனகல். குலுங்கல். டியூப்லைட் கண்ணைச் சிமிட்டியது. திரை கறுத்தது. "தாயோளி," என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, சாவு வீடு என்று ஞாபகம் வந்து பீர் நாக்கைக் கடித்தான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததென்றால் விளக்கு போட்டமாதிரி இல்லை, ரொம்பநேரமாக மடியில் கிடந்த ஒன்று கைக்குத் தட்டுப்பட்ட மாதிரி. பெட்டிதான். மாவரைக்கிற கிரைண்டரைப் போட்டால் இந்த வீட்டில் டிவி படம் சுருங்கும், மழைக்காலத்தில் ஃபேன் தள்ளாடும், இந்தத் தெருக் கரண்டே அப்படித்தான், கடைசிக் கம்பத்துக் கரண்டு. கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் கொஞ்சக் கரண்டில் தாக்குப்பிடித்துக்கொள்கிறது, நெட்டில் ஏறிப் படம் ஓட ஆரம்பித்தால் அதுவும் இழுக்கிறது, அந்த நேரம் பெட்டி மோட்டார் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடுகிறது. அதன் பக்கத்தில் கிடக்கிற யூபிஎஸ் பேட்டரி போன வருஷமே செத்துப்போய்விட்டது, இனி வந்து மாத்திக்கலாம் என்று ஐயாத்துரைதான் சொல்லியிருந்தான். ரெண்டுக்கும் ஒரே பிளக். நேற்று ராத்திரி பெட்டியை இறக்கியபோது அதன் ஒயர் அடுக்களைப் பக்கத்துப் பெரிய பிளக்குக்கு எட்டியது. பெட்டிக்காரன் அங்கேதான் செருகினான். சொள்ளமுத்து மாமா வந்து பார்த்து, ஏலே என்ன வடக்க தலை வச்சிருக்கிய, அக்காவைத் தெக்கயில்லா தலை வைக்கணும் என்று சத்தம்போட்டு, ஆறு பேர் பிடித்துப் பெட்டியைத் திருப்பினார்கள். திருப்பினதும் ஒயர் இருக்கிற கால்மாடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பெரிய பிளக்குக்கு எட்டவில்லை. கம்ப்யூட்டருக்குத் தரையில் இழுத்துப் போட்டிருந்த பிளக் பலகையிலேயே செருகிவிட்டார்கள். தலை தெற்கே. சரியாகத்தான் இருக்கிறது. எல்லாம் முறைப்படி சரியாகத்தான் இருக்கிறது.

சொல்லணும். பீரு, பெட்டிடே. அவ்வளவுதான், இரண்டு சொல். சொல்லலாம். பீர் மறுபடி கீழே உட்கார்ந்து, மோடத்து ஒயரை மாற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த வேறொரு ஒயரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வைரஸா இருக்கும்டே என்று பந்தலில் யாரோ சொன்னார்கள். "சாவு வீட்டுல வந்து வைரஸு அது இதுன்னு. பிள்ளைக நடமாடுது," என்று மதினி பிள்ளைகளைப் பெட்டிக்கு அந்தப்பக்கம் தள்ளினாள். சொல்லணும். சொன்னால் பெட்டியை அணைக்கவேண்டும். பெட்டியை அணைத்தால், பெட்டிக்காரன் ராத்திரியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், என்ன ஆனாலும் ஆஃப் பண்ணிராதிய, சித்திரை மாச வெக்கை, அப்புறம் எங்களைச் சொல்லாதிய என்று. அம்மாவிடமிருந்து ஒரு வாடை வந்துவிட்டால். இத்தனை வருஷம் ஒரு வாடை வராமல் வைத்திருந்தாள் இவள், வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கக்கூடாதென்று டெட்டால் ஊற்றி ஊற்றித் தரையே வெளுத்துப்போனது. கடைசி நாள், கடைசிப் பொழுதில், எல்லாரும் இருக்கும்போது. அது ஒரு பயம். அதுமட்டும்தானா. அவன் முழுசாக வந்துவிடுவான். வந்து அம்மா என்று ஒரு சத்தம் போடுவான். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால் இந்த வீடு தாங்காது, இருக்கிற அத்தனை பேரும் அவனோடு சேர்ந்து அழுவார்கள், மகன் அழுத அழுகையைப் பார்க்க முடியல என்று பத்தாம் நாள் வரைக்கும் பேசுவார்கள். இவளும் அழவேண்டும். வரவில்லையென்றால். வராது. பார்த்துப் பார்த்துப் பழகின முகம், அதில் அழுவதற்கு எங்கே தொடங்குவது. அவன் அரைமுகமாகவே வந்து அணைந்து அணைந்து போகட்டும். பார்க்காமலே போகட்டும். நினைத்ததும் அவளுக்குத் தன்மேல் கோபம் வரவேண்டும், அதுவும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்டபிறகு கன்னத்தைக் கடித்துக்கொண்டமாதிரி, கடிக்கிறோம் என்று தெரிகிறது, வலிதான் தெரியவில்லை. பெட்டி நின்றது. மூச்சைப் பிடித்தாள். பெட்டி ஓடியது. விட்டாள்.

அம்மாவுக்கு ஊற்றத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் மேளத்தோடு திரும்பி வந்துவிட்டார்கள். தாய்மாமன் வீட்டுக் கோடித்துணியைக் கண்ணாடிக்கு மேலேயே விரித்து மடித்தார்கள். பந்தலில் பச்சை ஓலை முடைகிற சத்தம், மூங்கிலை வெட்டுகிற சத்தம். சொள்ளமுத்து மாமா உள்ளே வந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னடே பீரு, ஆகுமா ஆகாதா?" என்றார். பீர் எழுந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மாமா, நானும் எல்லாம் பாத்துட்டேன். ஃபார்மட் பண்ணினாத்தான் சரிவரும். மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஏத்தணும்." "எம்புட்டு நேரம் ஆகும்?" "பொழுது சாயப் பாக்கும் மாமா." "அதுவரைக்கும் எங்க அக்காளைப் போகாத போகாதன்னு புடிச்சு வைக்கச் சொல்லுதியா? நல்லாச் சொன்ன." மாமா சிரிக்கவில்லை. அவர் கண் ராத்திரியிலிருந்து சிவந்திருந்தது. பீரின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஐயாத்துரைதான். ஒவ்வொரு தரமும் படம் போனதும் அவன் போனில் கூப்பிட்டுவிடுகிறான். பீர் ஸ்பீக்கரில் போட்டான். "என்னடே ஆச்சு? இந்தத் தடவை தலைமாட்டுல யாரோ உக்காந்திருக்கது தெரிஞ்சுது. அதுக்குள்ள போயிட்டு." அது நான்தான் என்று நினைத்தாள் முப்பிடாதி. மாமா போனுக்கு நேராகக் குனிந்து, "மருமகனே, நேரமாச்சுய்யா. ராகுகாலத்துக்கு முன்னால தூக்கணும். இசக்கிமுத்து கொள்ளி வைக்கான், உன் சித்தப்பன் மகன்தான, உனக்குப் பதிலா நிக்கான். மனசைத் தேத்திக்க," என்றார். அந்தப்பக்கம் நெட் சென்டரில் வேறு யாரோ வேறு பாஷையில் உரக்கப் பேசுவது கேட்டது. "எங்களுக்கும் சைரன் அடிக்கிற நேரம்தான் மாமா," என்றான் கடைசியில். "சரி. எடுங்க." பிறகு, "யக்கா இருக்காளா, அவட்டக் குடுங்க," என்றான்.

பீர் போனைக் கொண்டுவந்து அவள் இடது கையில் வைத்தான். "யக்கா." "சொல்லுடே." "அம்மா முகம் எப்படி இருக்கு?" என்றான். "நீ பாத்துச் சொல்லு. நான் கண்ணை மூடிக்கிடுதேன்." அவன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டிருப்பான், சின்னவயதில் கதை கேட்கும்போது மூடுவதுபோல. என்ன சொல்வது. எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிடலாம், தூங்குத மாதிரி இருக்காடே என்று. வாய் வரைக்கும் வந்தது. குனிந்து பார்த்தாள். தூங்குகிற மாதிரி இல்லை. அம்மா தூங்கினால் வாய் திறந்திருக்கும், புருவம் ரெண்டும் கூடி யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கும். இது அந்த முகம் இல்லை. திட்டுகிறதெல்லாம் இறங்கிப்போயிருந்தது. வழவழவென்று, இவள் பார்க்காத ஏதோ ஒரு வயதில் இருந்தது. குளிப்பாட்டியும் துடைத்தும் சோறூட்டியும் இத்தனை வருஷம் இந்த முகத்தில் வேலைதான் செய்திருக்கிறாள். வாய் ஓரத்தில் பருக்கை இருக்கிறதா, கண்ணில் பீளை இருக்கிறதா, மூக்கில் சளி இருக்கிறதா. முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கச் சொன்னால் எந்த இடத்திலிருந்து பார்ப்பது. கண்ணாடிக்குள் வெள்ளைப் புகையாகக் குளிர் அசைந்து, முகம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. "யக்கா, சொல்லு." "இருடே," என்றாள். "நல்லா இருக்காடே," என்றாள். "எப்படின்னா," என்றாள். அதற்குமேல் சொல் இல்லை. தேடிப்பார்த்தாள், ஒன்றும் இல்லை, காலிப் பானைக்குள் கைவிட்ட மாதிரி. இதைச் சொல்லமுடியாது. இதை அவன் பார்க்கத்தான் வேண்டும். "மாமா," என்றாள். "பெட்டியை அமத்துங்க."

யாருக்கும் விளங்கவில்லை. "எதை?" என்றார் மாமா. "ஐஸ் பெட்டியை. அது ஓடும்போதெல்லாம் இது அணையுது. ரெண்டும் ஒரே பலகை. லைட்டைப் பாருங்க, மங்குதுல்லா." பீர் டியூப்லைட்டைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். "அட இவனே. யக்கா, நான் இம்புட்டு நேரமா ராமைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்." மாமா கையை நீட்டி மறித்தார். "ஏட்டி, பெட்டியை அமத்தக்கூடாதுன்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான். இந்த வெயிலுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?" "தூக்கப்போறதுதான மாமா. கொஞ்சநேரம்தான." "நாளைக்கு நாலு பேரு..." "எந்த நாலு பேரு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறமாதிரிதான் கேட்டாள். மாமா நீட்டிய கையை இறக்கினார். அவளே எழுந்தாள். கண்ணாடியிலிருந்து கையை எடுத்தபோது கை ஒட்டியிருந்த இடத்தில் ஐந்து விரலும் பதிந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. வலது கையால் பிளக்கைப் பிடிக்க முடியவில்லை, விரல் மடங்கவில்லை. இடது கையால் பிடுங்கினாள். பெட்டி ஒரு தரம் குலுங்கி நின்றது. இத்தனை நேரம் அந்தச் சத்தம் வீடு முழுக்க நிரம்பியிருந்தது அது போனபிறகுதான் தெரிந்தது. பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட ஏதோ நடந்துவிட்டதென்று பேச்சை நிறுத்தினார்கள். அவள் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்ப ஓடவில்லை. ஓடாது. அம்மாவுடையதும் நேற்று இப்படித்தான். அப்போது இவள் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள், திரும்பி வருவதற்குள் நின்றிருந்தது, கவனிக்கக்கூட இல்லை. விட்டாள் மூச்சை.

நெற்றி வந்தது, மீசை வந்தது, கண் வந்தது. முழுசாக வந்துவிட்டான். காக்கிச் சட்டையும், கழுத்தில் வேலைசெய்யும்போது கட்டுகிற துணியும், கன்னத்தில் தீப்பொறி சுட்ட வடுவுமாக. பீர் கேமராவைக் கம்ப்யூட்டர் தலையிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தான். கண்ணாடிக்கு மேலே பிடித்தாள். வெளிப்பக்கம் வேர்த்திருந்தது, முந்தானையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வேர்த்தது. "மூடியை எடுங்க மாமா," என்றாள். மாமா மறுபேச்சுப் பேசாமல் இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு மூடியைத் தூக்கினார். குளிர் ஒரு தரம் எழும்பி எல்லார் காலிலும் இறங்கியது. வாடை ஒன்றும் இல்லை. பன்னீரும் திருநீறும்தான். ஐயாத்துரை சத்தம் போடவில்லை. அவள் பயந்தது நடக்கவில்லை. அவன் திரைக்குப் பக்கத்தில் வந்து வந்து பார்த்தான், கண்ணும் மூக்கும் பெரிசாகித் திரையை அடைத்தது. பெண்கள் அவன் ஆரம்பிப்பான் என்று காத்திருந்தார்கள். "யக்கா," என்றான். "உதட்டு ஓரத்துல ஒரு மச்சம் இருக்கே, அது என்ன, புதுசா வந்ததா?" முப்பிடாதி குனிந்து பார்த்தாள். "பழசுதான்டே. நம்ம பிறக்கதுக்கு முந்தியே உள்ளது." "எனக்கு ஞாபகமே இல்லை," என்றான் அவன். "நானும் மறந்துதான் போயிருந்தேன்டே," என்றாள். அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. பிறகு ரெண்டு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எங்கோ தூரத்தில் சைரன் அடித்தது, இங்கே எல்லார் காதிலும் விழுந்தது. "போதுமா மருமகனே?" என்று மாமா கேட்டார். "எடுங்க மாமா," என்றான்.

எடுத்தார்கள். பெட்டியிலிருந்து பாடைக்கு மாற்றும்போது ஒப்பாரி உச்சத்துக்குப் போனது, சங்கு ஊதியது, கொட்டு அதிர்ந்தது, வேட்டுப் போட்டார்கள். அவளை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், அவள் விழமாட்டாள் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் தெரு முக்கு வரைக்கும்தான். முக்கில் நின்று, கும்பிட்டு, மண்ணில் விழுந்து எழுந்து, ஆண்கள் எலுமிச்சை மார்க்கெட் பக்கம் திரும்பி மறைகிறவரைக்கும் பார்த்தார்கள். கொட்டுச் சத்தம் வளைவில் திரும்பி மெலிந்தது. "போதும் வாட்டி. திரும்பிப் பாக்காம வா," என்று மதினி இழுத்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வீட்டுக்குள் பெட்டி மூடி திறந்து காலியாகக் கிடந்தது, மாலையிலிருந்து உதிர்ந்த பூ அடியில் ஈரத்தில் ஒட்டியிருந்தது. கேமராவை அவள் போகிற அவசரத்தில் பெட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் அணையவில்லை. திரையில் ஐயாத்துரை அப்படியே உட்கார்ந்து காலிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். போயிருப்பான் என்று நினைத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டுக் கேமராவை எடுத்துத் தன்பக்கம் திருப்பி வைத்தாள். "சைரன் அடிச்சுட்டுல்லா. போகலையா?" "போகணும்," என்றான். "கத்துவானே அந்தச் சூப்பர்வைசர்." "கத்துவான்." எழுந்திருக்கவில்லை. "முக்கு வரைக்கும் போனியா?" "முக்கு வரைக்கும்தான். அதுக்குமேல எங்களை விடமாட்டாங்கள்லா." "ஆமா," என்றான். சுடுகாட்டுக்குப் போகமுடியாத இரண்டு ஆள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரேதம் போனதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். ஆண்கள் குளித்துவிட்டு வருவதற்குள் முடித்தாகவேண்டும். மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கட்டிலிருந்து வாளி வாளியாக ஊற்ற ஆரம்பித்தாள், இன்னொருத்தி சீவமாரால் தள்ளினாள். "முப்பிடாதி, எந்திரிட்டி, தண்ணி வருது!" தண்ணீர் பூவையும் திருநீற்றையும் அரிசியையும் இழுத்துக்கொண்டு நேராக வந்துகொண்டிருந்தது. பீர் சுடுகாட்டுக்குப் போகாமல் வாசலில் பெட்டிக்காரனுக்காகக் காத்திருந்தவன், எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, பலகை! கரண்டு பலகை தரையில கெடக்கு, அமத்துங்க!" என்று கத்தினான். அணைத்தால் அவன் போய்விடுவான். அவள் யோசிக்கவில்லை. குனிந்து பலகையைத் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், செருகின ஒயரெல்லாம் மடியிலிருந்து தொங்கியது. அடுத்த வாளித் தண்ணீர் வந்து பாதத்தில் ஏறியது. மாடித் தொட்டித் தண்ணீர், சித்திரை வெயிலில் நாளெல்லாம் காய்ந்தது, சுட்டது. சுரீரென்று பாதத்தில் பட்டு, கணுக்கால் வழியாக மேலே வந்தது. அவள் "ஆ" என்று காலை இழுத்து நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். "என்னாச்சுக்கா?" என்றான் ஐயாத்துரை. "தண்ணி சுடுதுடே," என்றாள். சொல்லும்போது குரல் உடைந்து வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "வீடு கழுவுதாங்க." "கழுவட்டும்," என்றான் அவன். "நீ காலைக் கீழ வைக்காத." அவள் வைக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, மடியில் பலகையோடு, நாற்காலிக்குக் கீழே தண்ணீர் வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்க, உட்கார்ந்திருந்தாள்.